மேடம் மியூட்டில் இருந்தபோது

ஜன்னல் சீட்டு வேணும்னா நீங்க எடுத்துக்குங்க அக்கா. எனக்கு வேண்டாம். வெளியே பார்த்துட்டே வந்தா மனசு சும்மா இருக்காது. நீங்க எங்கே இறங்கணும்? அவினாசியா? அப்ப சரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் கோயமுத்தூர். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிச்சு ஒரு காலேஜுக்குப் போகணும். பன்னிரண்டு மணிக்கு என்னை விசாரிக்கிறாங்க.

விசாரணைதான். ஏன் பையை அந்தப் பக்கம் நகர்த்தறீங்க? நான் திருடியெல்லாம் இல்லை. காலேஜ் விசாரணை.

உங்ககிட்ட ஒரு யோசனை கேட்கணும். உங்க பேரைச் சொல்லாதீங்க, சொன்னா எனக்குக் கூச்சமாயிரும். நான் இன்னைக்கு அந்த ரூமுக்குள்ளே போய் ஒரு பொய் சொல்லணும். சொன்னா என்னைக் காலேஜை விட்டு நீக்கிருவாங்க. சொல்லாம உண்மையைச் சொன்னா எங்க மேடம் மாட்டிக்குவாங்க. பிரச்சினை என்னன்னா, எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லலை. சிலருக்கு எத்தனை வயசானாலும் சைக்கிள் ஓட்ட வராது இல்லையா, அந்த மாதிரி.

போன தை மாசம் எங்க அண்ணன் சபரிக்கு ஒரு இடம் வந்தது. பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீட்டைப் பார்க்க வந்திருந்தாங்க. பொண்ணோட அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வச்சுக்கிட்டு, "உங்கண்ணனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்லையே சாமி?"ன்னு கேட்டாங்க. "சிகரெட் குடிப்பான். பீரு எப்பவாவதுதான்"னு சொன்னேன். கேட்டாங்க, சொன்னேன். கேசரியைப் பாதியில் வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அண்ணன் ரெண்டு மாசம் என்கூடப் பேசலை. "நான் சொன்னது பொய்யாடா?"ன்னு கேட்டேன். "பொய் இல்லை. உன்னை எவன் சொல்லச் சொன்னான்?"ங்கறான். இதென்ன பேச்சு? கேட்டா சொல்ல வேண்டியதுதானே.

என்ன அண்ணா, முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்க்கறீங்க? உங்ககிட்டயா பேசினேன்? முன்னாடி பாருங்க, ரோடு அந்தப் பக்கம்தான் இருக்கு.

மெதுவாப் பேசணுமா? இதுதான் அக்கா என்னோட மெதுவு. எங்க வீட்டில் எல்லாருக்கும் இதே தொண்டைதான். பள்ளிபாளையத்தில் எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை. சொந்தப் பட்டறைதான், பன்னிரண்டு தறி. வீடும் பட்டறையும் ஒரே சுவர். நீங்க தறி ஓடிப் பார்த்திருக்கீங்களா? நூலை இழுத்துட்டு நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் அடிக்கும், அங்கிருந்து இங்கே வந்து அடிக்கும். ஒரு தறிக்கே காது அடைக்கும். பன்னிரண்டும் சேர்ந்து ஓடினா பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. உள்ளே யாரும் யார் பேசறதையும் காதால கேட்கிறதில்லை. உதட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவோம். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, பட்டறைக்காரங்க முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். தார்ல நூல் தீர்ந்து போச்சு, இழை அறுந்து போச்சு, டீ வந்துருச்சு, உங்க மாமியார் வந்திருக்கு, எல்லாமே வாயசைவுதான். எனக்கு நடக்க வந்தப்பவே அது வந்துருச்சுன்னு அம்மா சொல்லும்.

அதுக்கு ஒரு முறையும் வச்சிருக்காங்க. உன்னைப் பார்த்துப் பேசாதவங்க வாயை நீ பார்க்கக் கூடாது. பக்கத்துத் தறியில புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டாங்கன்னா நாம குனிஞ்சு இழையைப் பார்த்துக்கணும். பார்த்தா, குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்த மாதிரியாம். இதுக்காக அம்மாகிட்ட நான் வாங்கின கொட்டு கொஞ்சநஞ்சமில்லை. கண்ணு முன்னாடி நடக்கறதைப் பார்க்காம எப்படி அக்கா இருக்கிறது? எனக்கு அந்த முறையெல்லாம் சரிப்படலை.

காலேஜ் கதைக்கு வர்றேன். பிளஸ் டூவில் நல்ல மார்க்குதான் நான். காலேஜுக்குப் போறேன்னு சொன்னேன். அப்பா, "போ கண்ணு, வேண்டாம்னு யாரு சொன்னா? உன்னோட நாலு தறியை யாரு பார்க்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ"ன்னாரு. கடைசியில அண்ணன்தான் போன்ல தேடி, வீட்டில் இருந்தே படிக்கிற காலேஜ் ஒண்ணைக் காட்டினான். வீடியோல பாடம். பி.காம். வாரம் முழுக்கப் பதிவு பண்ணின வீடியோ வரும், எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம். சனிக்கிழமை மட்டும் நேரலை வகுப்பு, மேடம் அப்பவே பேசுவாங்க, நாம அப்பவே கேள்வி எழுதலாம். அப்பாவுக்கும் சந்தோஷம், தறியும் ஓடும், புள்ளையும் படிக்கும்.

தறிக்கு மேலே ஒரு கம்பி போகும். அதில் துணிக் கிழிசலால் போனைக் கட்டித் தொங்க விட்டுருவேன். நாலு தறிக்கு நடுவே நடந்துட்டே பாடம். சத்தம் எங்கே கேட்கிறது? ஹெட்போன் மாட்டினா இழை அறுந்தது தெரியாது. அதனால சத்தமே வைக்க மாட்டேன். வாயைப் பார்த்தே படிச்சேன். நம்புங்க, ஒரு செமஸ்டர் முழுக்க அப்படித்தான் படிச்சேன். புள்ளியியல் நடத்தற சாருக்கு இவ்வளவு பெரிய மீசை. மேலுதட்டையே காணோம். அந்தப் பாடத்தில் எனக்கு அரியர். பொருளாதாரம் சார் குனிஞ்சு பேப்பரைப் படிச்சே முடிச்சுருவாரு, அவரோட வழுக்கைதான் எனக்குத் தெரியும். அதிலும் அரியர்.

ஹேமலதா மேடம் பாடத்தில் மட்டும் எண்பத்தி ஒண்ணு. வணிகச் சட்டம். ஒவ்வொரு வார்த்தையையும் வாயில முழுசா வச்சு, அவசரப்படாம சொல்லுவாங்க. எங்க பட்டறையில பிறந்திருக்க வேண்டியவங்க. ஒருத்தர் சம்மதம்னு சொன்னா அது எப்ப சம்மதம், எப்ப சம்மதம் ஆகாதுன்னு அவங்க நடத்தினதை நான் இப்பக்கூட அப்படியே சொல்லுவேன். மிரட்டி வாங்கினா ஆகாது. ஏமாத்தி வாங்கினா ஆகாது. சொல்லவா? வேண்டாமா, சரி.

முதல் சனிக்கிழமை எல்லாரையும் பேரும் ஊரும் சொல்லச் சொன்னாங்க. என் முறை வந்ததும் மைக்கைப் போட்டேன். பட்டறைச் சத்தம் மொத்தமும் அங்கே போயிருச்சு. எல்லாரும் காதைப் பொத்தறாங்க, எனக்குத் தெரியுது. மேடம் சிரிச்சுட்டு, "இவ்வளவு சத்தத்தில் பாடம் எப்படிக் கேட்பீங்க?"ன்னாங்க. "கேட்கறதில்லைங்க மேடம், உங்க வாயைப் பார்ப்பேன்"னேன். அவங்க ஆச்சரியமா ஒரு நிமிஷம் பார்த்தாங்க. அப்புறம் அவங்களே என்னை மியூட் பண்ணிட்டாங்க. அதோட சரி. அதுக்கப்புறம் என் மைக்கைத் திறக்கவே விடலை.

அதுக்கப்புறம் எழுதறது மட்டும்தான். அவங்க கேள்வி கேட்பாங்க, நாங்க பதில் டைப் பண்ணணும். நான்தான் பெரும்பாலும் முதல்ல போடுவேன். ஆனா மேடம், "ஷாலினி கரெக்ட், வெரி குட் ஷாலினிம்மா"ன்னு சொல்லுவாங்க. "அஃப்ரின் சரியாச் சொன்னீங்க"ன்னு சொல்லுவாங்க. என் பேர் வராது. போன் அப்பாவோடது, அதில் அங்கப்பன் டெக்ஸ்னு பட்டறைப் பேர்தான் காட்டும். அங்கப்பன் எங்க அப்பாவோட அப்பா. அதனால என்ன? அங்கப்பன் டெக்ஸ் கரெக்ட்னு சொல்லியிருக்கலாமே, நான் என்ன கோவிச்சுக்கவா போறேன். சரி, நூத்துக்கணக்கில் பசங்க இருக்காங்க, எழுத்து சரசரன்னு மேலே போயிரும். நான் அதையெல்லாம் பெரிசா எடுத்துக்கலை. ஷாலினின்னு ஒருத்தி, சொன்னேனே, கோயமுத்தூர்க்காரி, தனி ரூம், பின்னாடி பொம்மை அலமாரி. அவ ரெண்டு தடவை தப்பாப் போட்டதுக்கே மேடம், "நல்ல முயற்சி ஷாலினிம்மா"ன்னாங்க. அது இப்ப எதுக்கு. விடுங்க.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்றேன். மேடம் அவங்க வீட்டில் இருந்துதான் நடத்துவாங்க. பின்னாடி ஒரு பீரோ, ஒரு பாப்பா வரைஞ்ச படம். பாதி வகுப்பில் யாரோ ரூமுக்குள்ளே வந்தாங்க. ஆள் தெரியலை, மேடத்தோட கண்ணு அந்தப் பக்கம் போச்சு. உடனே மியூட் போட்டாங்க. கேமராவை நிறுத்தலை, அவசரத்தில் மறந்துட்டாங்க. முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கிட்டு பேசினாங்க. பாதி முகம்தான் தெரிஞ்சது. எனக்குப் பாதி முகம் போதும்.

"போனைக் குடுங்க. கிளாஸ் முடிஞ்சதும் பேசலாம். கையை விடுங்க, வலிக்குது. வேண்டாங்க, அடிக்காதீங்க, பிள்ளைங்க பார்க்குதுங்க."

இது நான் படிச்சது. ஒரு எழுத்து கூடலை, குறையலை. அப்புறம் அவங்க தலை ஒரு பக்கமா வெடுக்குனு போச்சு. திரும்பி உட்கார்ந்து, முடியைச் சரி பண்ணிட்டு, மியூட்டை எடுத்துட்டு, "சாரிப்பா, நெட்வொர்க் பிரச்சினை"ன்னாங்க. மத்த புள்ளைங்க எல்லாம் "இப்ப கேட்குது மேடம்", "ஓகே மேடம்"னு போடுதுங்க. ஷாலினி ஒரு கட்டைவிரல் போட்டா.

நான் எழுதினேன். "மேடம் நெட்வொர்க் நல்லாத்தான் இருந்தது. நீங்க அடிக்காதீங்கன்னு சொன்னீங்க. உங்களை யாரு அடிக்கிறாங்க?"

அவ்வளவுதான் அக்கா. எல்லாரும் எழுதறதை நிறுத்திட்டாங்க. நான் எழுதினது மட்டும் கடைசி வரியா அப்படியே நின்னுச்சு. மேடம் அதைப் படிக்கிறது தெரிஞ்சது. அவங்க தோளுக்குப் பின்னாடி ஒரு கை வந்தது, வாட்ச் கட்டின கை. லேப்டாப்பை மூடிருச்சு.

ஏன் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதினேனா? வேற எப்படிக் கேட்கிறது? அங்கே எழுதறதுக்கு இடம் அது ஒண்ணுதான். ஒரு ஆளை அடிக்கிறான், பார்த்துட்டு இருக்கணுமா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. ஆங், தெரியலை இல்லை? எல்லாரும் இப்படித்தான், தெரியலைன்னு சொல்லிட்டு நான் செஞ்சதை மட்டும் தப்புன்னு சொல்லுவீங்க.

சாயங்காலத்துக்குள்ளே பசங்க அதைப் படம் பிடிச்சு எல்லாக் குரூப்பிலும் போட்டுட்டாங்க. யாரு அந்த அங்கப்பன்னு ஒரே கேள்வி. "அங்கப்பன் தாத்தாவுக்குப் பாம்புக் காது"ன்னு ஒருத்தன் போட்டிருந்தான். சிரிப்பா வந்தது எனக்கு. அன்னைக்கு ஒரே நாள்ல காலேஜே என்னைத் தேடுச்சு. நல்லாத்தான் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்குப் போன் வந்தது. மேடத்தோட வீட்டுக்காரர் எழுத்தில் புகார் குடுத்திருக்காராம். உங்க மாணவி எங்க குடும்பத்தைப் பத்தி நூறு பேர் முன்னாடி அவதூறு பரப்பிட்டாங்கன்னு. அவர் வேற ஒரு காலேஜில் பேராசிரியராம். "பொண்ணு விளையாட்டுக்குப் பொய்யா எழுதிட்டேன்னு ஒத்துக்கிட்டா படிப்பிலிருந்து நீக்கிறதோட விட்டுருவோம். இல்லை, உண்மைன்னு சாதிச்சா நேர்ல வந்து நிரூபிக்கட்டும். மேடமும் வருவாங்க, சாரும் வருவாரு"ன்னு சொல்லியிருக்காங்க.

அப்பா தறியை நிறுத்திட்டார். தறியை நிறுத்தினாருன்னா எவ்வளவு கோபம்னு பார்த்துக்குங்க. "ஏம்புள்ள, நிஜமாவே இருந்தாலும் அது அடுத்தவன் வூட்டு சமாச்சாரம். உனக்கென்ன வந்தது?"

"கையை முறுக்கறான்ப்பா."

"நீ என்ன போலீசா?"

அம்மா அப்பாவை விட மோசம். சத்தம் போடலை. அழுதுச்சு. "அந்தப் பொம்பளை உன்னைப் பார்த்தா பேசுச்சு? உன்னைப் பார்த்துப் பேசாத வாயை ஏன் பார்த்தே?"ன்னு அதையே சொல்லிச்சு. அங்கே ஒருத்தி அடி வாங்கறா, இங்கே இது முறை பேசுது. அண்ணன் மட்டும் சிரிச்சான். "என் கல்யாணத்தை நிறுத்தினே. இப்ப அவங்க கல்யாணமா?"ன்னான். எருமை.

நான் முடிவு பண்ணிட்டேன். நேர்ல போறது, அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா, நீ என்ன சொன்னே, மேடம் என்ன சொன்னாங்கன்னு ஒண்ணு விடாம சொல்றது. அந்த ஆள் பேசினதை நான் பார்க்கலை, சரி, மேடம் சொன்னதைச் சொன்னா போதும். நம்பலைன்னா அங்கேயே யாரையாவது சத்தமில்லாமப் பேசச் சொல்லுங்க, நான் படிச்சுக் காட்டறேன். அவ்வளவு தைரியமா இருந்தேன்.

அப்புறம் போன சனிக்கிழமை வந்தது. மேடம் வர மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். வந்தாங்க. இந்த வேகாத வெயில்ல கை மணிக்கட்டு வரைக்கும் மூடின சட்டை. பீரோவும் பாப்பா படமும் இல்லை, வெறும் சுவர் பக்கம் இடம் மாத்தி உட்கார்ந்திருந்தாங்க. எழுதற இடத்தையே மூடி வச்சிருந்தாங்க, யாரும் எதுவும் எழுத முடியாது. பாடம் ஓடிட்டிருந்தது. பாதியில் நிறுத்தி, எதையோ தேடற மாதிரி கீழே பார்த்தாங்க. நிமிர்ந்தாங்க. நேரா கேமராவைப் பார்த்தாங்க அக்கா. மியூட் போட்டுட்டு வாயை மட்டும் அசைச்சாங்க.

முதல் வார்த்தை, சிந்துஜா.

அதான் என் பேரு. சொல்லக் கூடாதுன்னு நினைச்சேன், சொல்லிட்டேன், போகட்டும். அந்தப் பேரு உதட்டில் எப்படி இருக்கும் தெரியுமா? முதல்ல பல்லு தெரியும், அப்புறம் உதடு குவியும், கடைசியில் வாய் திறக்கும். மேடம் அதை அவ்வளவு அழகாச் சொன்னாங்க. என் பேரு அவங்களுக்கு முதல் நாளிலிருந்தே ஞாபகம் இருந்திருக்கு பாருங்க! அத்தனை பேர்ல. போனில் அங்கப்பன்னுதான் காட்டும், ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. புகார்ல பேரு இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். ஆனா அதைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. அது வேற மாதிரி இருந்தது.

என்ன சொன்னாங்கன்னா கேட்கறீங்க? கிட்ட வாங்க. இதை நான் வீட்டில்கூடச் சொல்லலை.

"சிந்துஜா. நீ எழுதினது பொய்ன்னு சொல்லிரு. பத்தாம் தேதி காலையில் நான் பாப்பாவைக் கூட்டிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். அதுவரைக்கும் அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. தயவுசெஞ்சு. என்னை மன்னிச்சுக்கோ."

அப்புறம் மியூட்டை எடுத்துட்டு, "எங்க விட்டோம்?"னு கேட்டுட்டுப் பாடத்தை ஆரம்பிச்சுட்டாங்க. மத்த புள்ளைங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நெட்வொர்க்னு நினைச்சிருக்கும்.

இன்னைக்கு எட்டாம் தேதி. இப்பப் புரியுதா என் தலைவலி?

நான் உண்மையைச் சொல்லி, அதை நிரூபிச்சும் காட்டிட்டேன்னு வைங்க. காலேஜ் என்ன பண்ணும்? மேடத்தைக் கேட்கும். மேடம் அவரைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு இல்லைன்னுதான் சொல்லணும். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே கார்ல வீட்டுக்குப் போவாங்க. உதட்டைப் படிக்கிற ஒருத்தி இருக்கான்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா, போன சனிக்கிழமை வகுப்போட பதிவையும் தேடி எடுத்துப் பார்க்க மாட்டாரா? பத்தாம் தேதி எங்கே வரும்? போலீசுக்குச் சொல்லலாம்னு நீங்க சொல்றது எனக்கும் தோணுச்சு. ஆனா அவங்களே ஒரு வழி பண்ணி வச்சிருக்காங்க, அதில் நான் போய்க் கையை விட்டா? ஏற்கனவே ஒரு தடவை விட்டாச்சுங்கறீங்களா? அது வேற, இது வேற.

நான் பொய் சொன்னா, என்னை நீக்கிருவாங்க. அப்பா திரும்பச் சேர்க்க மாட்டாரு. "வூட்டுக்குள்ளே உட்கார்ந்து படிச்சதுக்கே இந்த வம்பு, வெளியே விட்டா என்ன ஆகும்?"னு சொல்லிட்டாரு. நாலு தறி ஆறு தறியாகும். அப்புறம் எவனாவது சிகரெட் குடிக்காதவனாப் பார்த்துக் கட்டி வைப்பாங்க. அவ்வளவுதான் என் படிப்பு. எண்பத்தி ஒண்ணு வாங்கினவ நான்.

அழலை அக்கா. காத்து. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க.

சொல்றேன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறினேன். பொய் சொல்றதுன்னு. அப்பா கூட வரலை. "வாயால கெடுத்தது நீ, நீயே போய்ச் சொல்லிட்டு வா"ன்னுட்டாரு. ஆனா ஈரோடு ஸ்டாண்டில் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். என் மூஞ்சி எனக்கே நம்பற மாதிரி இல்லை. அந்த ரூம்ல மூணு பேரு உட்கார்ந்திருப்பாங்க, அந்த ஆளும் இருப்பாரு. நான் திணறினா கண்டுபிடிச்சுருவாரு. அடிக்கிறவங்களுக்கு அதெல்லாம் சீக்கிரம் தெரியும்.

அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. நீங்க அவங்க மாதிரி கேள்வி கேளுங்க. நான் பதில் சொல்றேன். நல்லா முறைச்சுக் கேளுங்க. அவினாசி வர்றதுக்குள்ளே பழகிருவேன். உங்களுக்கும் பொழுது போகும்.

ம். கேளுங்க.

"இல்லீங் சார். நான் எதையும் பார்க்கலை. மேடம் அப்படி எதுவும் சொல்லலை."

எப்படி? கண்ணு கீழே போகுதா? இருங்க, மறுபடி. "இல்லீங் சார். மேடம் சொல்லலை. நானா எழுதினேன்." இப்ப? சிரிக்கிறேனா? நான் எங்கே சிரிச்சேன்? பயத்துல உதடு இழுத்துக்குது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பாருங்க, நான்தான் சொன்னேனே, வராதுன்னு.

முன்சீட்டு அண்ணா, நீங்களும் வேணும்னா கேளுங்க, எப்படியும் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்கீங்க. என்ன? நம்பற மாதிரி இல்லையா? ரொம்ப நன்றிங்க.

திரும்பக் கேளுங்க அக்கா. வேற கேள்வி கேளுங்க. என்ன கேட்பாங்க அவங்க?

ஏன் எழுதினேன்னா?

ஆமா, அதைக் கேட்பாங்க இல்லை. பொய்ன்னா, எதுக்குப் பொய் எழுதினேன்னு ஒரு காரணம் வேணும். அதை நான் யோசிக்கவே இல்லை. இருங்க. இருங்க, வருது.

"சார், மேடம் என் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லைங்க சார். மத்த எல்லாரையும் சொல்லுவாங்க. ஷாலினி தப்பாச் சொன்னாக்கூட வெரி குட்டுன்னு சொல்லுவாங்க. நான் எல்லாருக்கும் முன்னாடி பதில் போடுவேன், அதைப் பார்க்கவே மாட்டாங்க. முதல் நாளே என்னை மியூட் பண்ணினாங்க, திறக்கவே இல்லை. எனக்கு ரொம்ப நாளா ஆத்திரங்க சார். அன்னைக்கு மேடம் ஏதோ கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தாங்க. இப்ப எழுதினா எல்லாரும் என்னைப் பார்ப்பாங்கன்னு தோணுச்சு. அதுதான் எழுதினேன். மேடத்துக்கு மட்டும் தனியா அனுப்பறதுக்கு அங்கேயே ஒரு பட்டன் இருக்குங்க சார். எனக்கு அது தெரியும். நான் ஏற்கனவே அதில் எழுதியிருக்கேன், அவங்க பதில் போடலை. அன்னைக்கு அதுமேல விரலை வச்சேன், எடுத்துட்டேன். எல்லாருக்கும்னு இருந்ததில் எழுதினேன். மேடத்துக்கு என்ன ஆகும்னு அப்ப நான் நினைக்கவே இல்லைங்க சார். நான் எழுதினதை எல்லாரும் படிச்சாங்களான்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

இப்ப எப்படி இருந்தது அக்கா?

கண்ணு கீழே போகலை இல்லை? திணறலை இல்லை? முன்சீட்டு அண்ணாகூடத் திரும்பாம உட்கார்ந்திருக்காரு பாருங்க, நம்பிட்டாரு. ஏன் என்னை அப்படிப் பார்க்கறீங்க? பொய்தானே அக்கா இது, நீங்கதானே காரணம் கேட்டீங்க.

அவினாசி வந்துருச்சு, இறங்குங்க. பையை எடுத்துக்குங்க. இதையே அங்கேயும் சொல்லிடறேன். யோசிச்சுக்கூடப் பார்க்கலை, தானா வந்துருச்சு. பொய் சொல்றது இவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா.